விளைநிலமும் ஏலமும்

(நமது சங்கத்தின் விம்கோ நகர்க் கிளைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாகக் குறிக்கப்பட்டுள்ள தீர்மானத்தின்மேல் சில சொற்கள் கூற விரும்புகின்றேன் என்று காரியதரிசியவர்களிடம் தெரிவித்தபோது, அவர், "பண்டிதரே, பதினைந்து நிமிஷத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்" என்றார். தமிழாசிரியன் ஒருவன் பதினைந்து நிமிஷத்தில் பேசி அமர்ந்ததாக யாண்டும் வரலாறில்லை. ஆயினும் முயலுகின்றேன்.

தீர்மானம் யாதெனில், நம் அங்கத்தினர் ஒருவரது குடும்பத்துக்குப் பொன்னேரிப் பக்கத்து ஊரொன்றில் உள்ள இரண்டு ஏக்கர் நஞ்சை, கடன் டிக்ரியின்பொருட்டு அடுத்த மாதம் கோர்ட்டு ஏலத்துக்கு வருகின்றது. அவர்பாலுள்ள அன்பினாலும் மரியாதையினாலும் நம் குலத்தார் ஒருவரும் அவ்வேலத்துக்குச் செல்லலாகாது. சென்று கேட்டவரைச் சங்கம் மதியாது என்பது. அவர் பெயரை யான் கூறேன், அறிந்தோர் அறிவர். இதனை முன்மொழிந்த நண்பருடைய நல்லெண்ணத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவர் கண்கலங்கி எழுதியதை நேரிற் கண்டவன் யான். ஆயினும் இத்தீர்மானத்தை எதிர்க்கவே எழுந்து நிற்கின்றேன்.

நாம் இங்கு எவ்வாறு வந்து சேர்ந்தோம் என்பதைச் சிறிது நினைத்துப் பாருங்கள். இவ்வூரின் பெயரே நிலத்திற் பிறந்த பெயரன்று. தீப்பெட்டிக் கம்பெனியிற் பிறந்த பெயர். நம் பாட்டன்மாரும் தந்தையரும் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கங்களிலிருந்து தீப்பெட்டிக்கும், துறைமுகத்துக்கும், பின்னர் மணலி எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்தார்கள். வந்தவர்கள் நிலத்தை விற்றுவிட்டு வரவில்லை. தம்பியிடமோ, பங்காளியிடமோ, குத்தகைக்காரனிடமோ ஒப்புவித்துவிட்டு வந்தார்கள். ஆதலின் இன்று இச்சபையில் அமர்ந்திருப்போரிற் பலருக்குச் சொந்த ஊரில் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ உண்டு. அதன் சர்வே நெம்பர் மட்டும் தெரியாது! கோர்ட்டார் ஒரு நிலத்தை ஜப்தி செய்தால், அந்நிலத்தருகே தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவித்து, நிலத்திற் கண்படும் இடத்திலும் கோர்ட்டுச் சுவரிலும் அறிவிப்பு ஒட்டவேண்டுமென்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் விதி. தமுக்கு அங்கே அடிக்கின்றது. நாம் மெட்ரோ ரயிலில் இங்கே போகின்றோம். காதில் விழுவதெங்ஙனம்?

இனி என் குடும்பத்துச் செய்தியொன்றைச் சொல்லுகின்றேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதனை யான் பொதுவிடத்திற் பேசியதில்லை.

1995 ஆம் ஆண்டு. யான் அப்பொழுது எட்டாம் வகுப்பு மாணாக்கன். என் தந்தையாருக்கு ஊரில் மூன்று ஏக்கர் நஞ்சை இருந்தது. கிணற்றுப் பாய்ச்சலுடைய நிலம். இரண்டு போகம் விளையும். என் அத்தையின் திருமணத்துக்காக ஒருவரிடம் கைச்சீட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். வட்டி வளர்ந்தது, வழக்காயிற்று, செலவுட்பட எழுபத்தோராயிரம் ரூபாய்க்கு டிக்ரி ஆயிற்று. அக்காலத்தில் எங்களூரில் அத்தகைய நிலம் ஏக்கர் அறுபதினாயிரத்துக்குக் குறையாது. அதாவது, ஒன்றேகால் ஏக்கரை விற்றாற் கடன் தீர்ந்து, ஒன்றே முக்கால் ஏக்கர் நின்றிருக்கும்.

நடந்தது அஃதன்று. மூன்று ஏக்கரும் ஒரே மொத்தமாக ஏலத்துக்கு வந்தன. ஏலத்துக்கு வந்தோர் இருவர். ஒருவர் கடன் கொடுத்தவருக்கு வேண்டியவர், மற்றவர் வெளியூர்க்காரர். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று எழுபத்தெண்ணாயிரத்தில் முடிந்தது. இலட்சத்து எண்பதினாயிரம் பெறுமானமுள்ள நிலம் போயிற்று. என் தந்தையார் கைக்கு ஏழாயிரம் ரூபாய்கூட முழுதாக வரவில்லை.

அன்று எங்கள் பங்காளிகள் எங்கேயிருந்தார்கள்? எல்லாரும் தத்தம் வீட்டிலேயே இருந்தார்கள். இழவு விழுந்தாற்போல அன்று அவர்கள் வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. பெரியப்பா வீட்டார் திண்ணையை விட்டு எழவில்லை. அவ்வளவு அன்பு! அவ்வளவு மரியாதை! பதினெட்டு ஆண்டுகட்குப் பின், என் தந்தையாருடைய கருமாதி நாளில், என் சித்தப்பா என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அன்றைக்கு என் மடியில் ஐம்பதினாயிரம் ரூபாய் இருந்தது. அண்ணன் நிலத்தை நான் கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்து, பாதி வழி போய்த் திரும்பிவிட்டேன்" என்றார். அவரை யான் நோகவில்லை, இன்றும் நோகேன். ஆனால் அந்தப் பாதி வழியை எண்ணாத நாளில்லை.

அன்பர்களே, அவர்கள் பிழை கல்நெஞ்சத்தாலானதன்று. ஏலம் என்பதன் கணக்கை அறியாமையாலானது. ஏலத்தில் விழும் பணம் கடன்காரரிடமே முழுதும் சேர்ந்துவிடுகின்றதென்று நம்மவர் பலர் எண்ணியிருக்கின்றனர். அஃதன்று. டிக்ரித் தொகையும் செலவும் போக எஞ்சியது முழுதும் நிலத்துக்குரியவனுக்கே உரியது. எனவே, ஒருவன் விலையை ஆயிரம் ரூபாய் உயர்த்திக் கேட்டால், கடன் தொகைக்கு மேற்பட்டபின் அவ்வாயிரமும் நிலம் இழந்தவன் மடியிலேயே விழுகின்றது. கேளாதிருந்தவன் கௌரவம் செய்தவனல்லன். அவ்வாயிரத்தை அந்நியனுக்கு ஈந்தவன்.

ஏலம் என்னுஞ் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை, பண்டிதனாதலின் பொறுத்தருள்க. உணவுக்கு மணமூட்டும் ஏலம் நம் பழஞ்சொல். கூவி விற்கும் ஏலமோ போர்த்துகீசியருடைய 'லெய்லாவ்' என்பதன் திரிபு என்று அகராதியார் கூறுவர். சொல் பிறநாட்டதாயினும் செயல் பழையது. சோழர் கல்வெட்டுக்களிற் 'பெருவிலை' என்றும், கோயிலின்பொருட்டு நிகழ்வதைச் 'சண்டேசுவரப் பெருவிலை' என்றும் வழங்கக் காண்கின்றோம். செய்யாற்றுப் பக்கத்து உக்கல் என்னும் ஊரில், முதலாம் இராசராசனுடைய இருபத்துநான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றுள்ளது. ஏறக்குறைய 1009 ஆம் ஆண்டினது. பார்ப்பனர், வைகானசர், சமணர் ஆகியோரது ஊர்களில், இரண்டு ஆண்டு முழுதும் இறை செலுத்தாதவருடைய நிலங்களை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்பது அவ்வாணை. ஆணை கடியதுதான். ஆயினும், விற்பவர் ஊரார். எந்த வயலுக்கு எத்தனை நீர் பாயும், எந்த மூலையில் உவர் பூக்கும் என்று அறிந்தவர் நடுவே அவ்விற்பனை நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது.

கும்பெனியார் வந்தபின் நிலை மாறிற்று. 1802 இல் நம் செங்கற்பட்டு ஜாகீரையே மிட்டாக்களாகக் கூறுபோட்டு ஏலத்தில் விற்றனர். வாங்கியவரிற் பலர் கிஸ்தி கட்ட மாட்டாமற் சில ஆண்டுகளில் அவற்றை இழந்தனர். அதனை விரித்தால் காரியதரிசியவர்கள் மணியடிப்பார்கள். பின்னர் வந்த 1864 ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டத்தைமட்டும் சொல்லியாகவேண்டும். ஏனெனில் அச்சட்டம் இன்றும் உயிரோடிருக்கின்றது. அதன் கீழ் நிகழ்ந்தவற்றை, பம்பாய் ராஜதானியில் உத்தியோகம் வகித்த ரோஜர்ஸ் என்னும் துரை கணக்கெடுத்து எழுதினார். ரமேஷ் சந்திர தத்தர் அதனைத் தமது பொருளாதார வரலாற்றில் எடுத்துக் காட்டியுள்ளார். 1879-80 முதல் 1889-90 வரை பதினோராண்டுகளில், சென்னை ராஜதானியில் நிலவரி பாக்கிக்காக ஏலத்தில் வைக்கப்பட்ட நிலம் 19,63,364 ஏக்கர். இழந்த குடிகள் 8,40,713 பேர். இது தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த உடனடுத்த காலம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இக்கணக்கில் என் உள்ளத்தைத் தைத்தது வேறொன்று. அந்நிலத்துள் 11,74,143 ஏக்கரைக் கேட்பாரின்மையாற் சர்க்காரே எடுத்துக்கொள்ள நேர்ந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது! ரோஜர்ஸ் துரையின் கருத்து, வரி மிகுதியாலேயே வாங்குவாரில்லாமற் போயிற்று என்பது. அது பொருந்தும்; நம்மவர் நாணத்தால் விலகி நின்றதே காரணமென்று கூற யான் துணியேன். ஆயினும் பயன் ஒன்றே. கேட்பாரற்ற ஏலத்தில் விளைநிலத்துக்கும் தரிசுக்கும் விலை ஒன்றாகிவிடும். ஒருவன் முப்பதாண்டு எருவிட்டுப் பண்படுத்திய மண், அமீனாவின் காகிதத்தில் நான்கெல்லையும் ஓர் எண்ணுமே. அதனுள் என்ன விளையும் என்று அறிந்தவன் அயலில் உழுபவன். அவன் வாராதொழிந்தால், அறியாதவன் சொன்னதே விலை.

இனிக் கடல் கடந்த செய்தி. 1930 ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க நாட்டிலும் தானிய விலை வீழ்ந்து, நெப்ராஸ்கா, அயோவா முதலிய மாநிலங்களிற் குடியானவரது பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அங்கே அயலார் வீட்டிலிருந்து அழவில்லை. நூற்றுக்கணக்கிற் கூடி வந்தார்கள். குதிரையைச் சில காசுக்குக் கேட்டார்கள். கலப்பையைச் சில காசுக்குக் கேட்டார்கள். உயர்த்திக் கேட்கப் புகுந்த வெளியாரை முறைத்துப் பார்த்தார்கள். முடிந்தவுடன் எல்லாவற்றையும் உரியவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதனைக் 'காசு ஏலம்' என்றே வழங்கினர். சிலவிடங்களில் மரத்திற் சுருக்குக் கயிறு தொங்கவிட்டு அச்சுறுத்தியதுமுண்டு. அதை யான் பாராட்டவில்லை. நம் நாட்டில் அவ்வாறு செய்தால் ஏலமும் ரத்தாகும், செய்தவரும் சிறை புகுவர். யான் கருதுவது, அவர்கள் வந்தார்கள் என்பதையே. எங்களூர் ஏலத்திலும் விலை தாழ்ந்தது. அவர்கள் ஏலத்திலும் விலை தாழ்ந்தது. ஆனால் அங்கே தாழ்ந்த விலைக்கு வாங்கியவர் உறவினர், எங்களூரிலோ அந்நியர். அக்கிளர்ச்சியின் வேகத்தால் 1933 இற் பல மாநிலங்கள் கடன் நிறுத்தச் சட்டங்கள் இயற்றின. நம் ராஜதானியிலும் ராஜாஜி மந்திரிசபை 1938 இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து, பழைய கடன்களின் வட்டி நிலுவையைத் தள்ளியதும், அசலுக்கு இருமடங்கு செலுத்தியவனைக் கடனினின்று விடுவித்ததும் பெரியோர் அறிவர்.

இனிச் சட்டத்துள் நமக்கு இருக்கும் இடத்தைச் சொல்லுகின்றேன். யான் வக்கீலல்லேன். தந்தையார் நிலம் போனபின், கோபத்தாற் படித்துக்கொண்டவன்.

டிக்ரிக் கடனுக்கு ஒரு பகுதி போதுமாயின், அப்பகுதியையே ஏலத்துக்குக் கொண்டுவரவேண்டுமென்பது விதி. 1989 இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. இரண்டாயிரத்துச் சொச்ச ரூபாய்க் கடனுக்காகப் பத்து ஏக்கரை மொத்தமாகப் பதினேழாயிரத்துக்கு விற்றிருந்தனர். எவ்வளவு நிலம் போதுமென்று முதலில் ஆராய்தல் கோர்ட்டின் விருப்பத்தைப் பொறுத்ததன்று, கடமையே என்று நீதிபதிகள் கூறினார்கள். எங்கள் மூன்று ஏக்கர் ஏலமானது அத்தீர்ப்புக்கு ஆறாண்டு பின்னர்! சொல்லுவாரில்லை; கேட்பாருமில்லை. 1864 ஆம் ஆண்டுச் சட்டமுங்கூட, இயன்றவரை பாக்கிக்குப் போதிய அளவுக்கு மேல் நிலத்தை விற்கலாகாதென்றே பணிக்கின்றது. பிரிட்டிஷாரின் கடுஞ்சட்டத்துள்ளும் இருந்த இரக்கத்தை நம் அறியாமை வீணாக்கிற்று.

ஏல அறிவிப்பில் இரு திறத்தாரும் கூறும் மதிப்பு இடம்பெறவேண்டும். இதற்கென வரும் நோட்டீசை வாங்காமல் ஒளிந்துகொள்வதே நம்மவர் வழக்கம். ஒளிந்தவன் நிலத்துக்குக் கடன்காரன் சொல்லும் மதிப்பே நிற்கும். வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதிவிட்டு அமைதலும் ஆகாது. அது பெரும்பாலும் ஊர் விலைக்குத் தாழ்ந்தே நிற்கும். அன்றியும், கைச்சீட்டுக் கடனாயின், நிலத்தின் ஒரு பகுதியை நேரில் விற்றோ குத்தகைக்கு விட்டோ பணம் திரட்டுவதற்கு ஏலத்தை ஒத்திவைக்குமாறு கோர்ட்டை வேண்டலாம். நம் அங்கத்தினருடையது கைச்சீட்டுக் கடனே, அடமானமன்று. உழுகருவியும், உழவு மாடும், விதை நெல்லும், குடியானவன் குடியிருக்கும் வீடும் ஜப்திக்கு உட்படா என்பதையும் சேர்த்து அறிந்துகொள்ளுங்கள்.

ஏலம் முடிந்ததென்று மூலையில் அமரவும் வேண்டா. ஏலத்தில் எடுத்தவர் அன்றே நாலிலொரு பங்கும், பதினைந்து நாளுள் எஞ்சியதும் கட்டவேண்டும். அறுபது நாளுக்குள், நிலத்துக்குரியவன் டிக்ரித் தொகையையும், ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்தையும் கோர்ட்டிற் கட்டிவிட்டால், ஏலம் ரத்தாகி நிலம் மீளும். எங்கள் நிலத்துக்கு அது எவ்வளவு? எழுபத்தோராயிரமும், மூவாயிரத்துத் தொள்ளாயிரமும். சித்தப்பா மடியில் ஐம்பதினாயிரம் இருந்தது. எஞ்சிய இருபத்தையாயிரத்தை மற்றைப் பங்காளிகள் ஒரு வாரத்திற் சேர்த்திருப்பார்கள். சேர்க்க மனமும் இருந்தது. அறுபது நாளும் அவர்கள் எங்கள் வீட்டுக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்விதியை அறிந்தவர் ஒருவரும் அவ்வூரில் இலர்.

பாங்கிக் கடனைப்பற்றி ஒரு சொல். 2002 ஆம் ஆண்டின் சட்டத்தால், பாங்கியார் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை ஏலமிட வல்லவராயினர்; விளைநிலத்துக்கு மட்டும் அதிலிருந்து விலக்குண்டு. ஆனால் ஏட்டில் நஞ்சை என்றிருந்து, நிலத்திற் கருவேல் மண்டியிருந்தால் விலக்குக் கிடைப்பது அரிது. உண்மையில் உழவு நடக்கின்றதா என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஊரில் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு இங்கே வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர் இதனைக் குறித்துக்கொள்வது நலம்.

இப்பொழுது என்மேல் எழக்கூடிய ஆட்சேபம் ஒன்றுண்டு. முன்வரிசையில் ஒரு பெரியவர் ஏற்கெனவே தலையசைக்கின்றார். "பண்டிதர் சொற்படி போனால், நம் இளைஞர் சிலர் உறவினன் நிலத்தை மலிவாக எடுத்துக் கல் நட்டு மனையாக்கி விற்றுவிடுவாரே" என்பது. ஐயா, அச்சம் நியாயமானதே. நாற்று நட்ட இடத்திற் கல் நடுவோரை யானும் கண்டிருக்கின்றேன். எங்கள் மூன்று ஏக்கரிலும் இன்று கல்லே நிற்கின்றது. ஆனால் அதனைச் செய்தவர் நம் குலத்தார் அல்லர். நாம் போகாததனாலேயே அஃது அவர் கைக்குப் போயிற்று. மலிவாக எடுக்கும் எண்ணத்தோடு செல்பவனைச் சங்கம் கண்டிக்கட்டும். அதற்கு என் கையும் உயரும். ஊர் விலையைக் கேட்பவனைக் கண்டித்தல் முறையன்று.

அன்றியும், கூட்டாகப் பேசிவைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்பது என்னும் பழக்கமொன்று பல ஊர்களில் உண்டு. "நீ இதை எடு, அடுத்ததை நான் எடுக்கின்றேன்" என்பார்கள். அது நிலத்துக்குரியவன் வயிற்றில் அடிப்பதே. தீர்மானத்தின் சொற்களை நோக்கினால், நாமும் நல்லெண்ணத்தால் அதனையே செய்யப் புகுகின்றோம். ஏலக் களத்தில் நின்று பார்ப்பவனுக்கு, அன்பினால் வாராதவனும் சூழ்ச்சியால் வாராதவனும் வேறாகத் தோன்றார்.

நம் அங்கத்தினருடைய டிக்ரி பன்னிரண்டு இலட்சம். அவ்வூரில் நிலம் ஏக்கர் நாற்பது இலட்சம் பெறுமென்று அவ்வூராரே சொல்லுகின்றனர். முப்பத்தைந்து சென்ட் போதும். வாய்க்காலை ஒட்டிய கீழ்ப்பக்கத்து முப்பத்தைந்து சென்ட்டை வாங்கிப் பயிரிட, அதன் அயலில் உழும் அவருடைய மைத்துனரே இசைகின்றார். ஆனால் இத்தீர்மானம் நிறைவேறுமாயின் தாம் வாய் திறப்பதற்கில்லை என்று நேற்று மாலை என்னிடம் வருந்தினார். அவர் இன்று இக்கூட்டத்துக்கு வாராத காரணமும் அதுவே.

ஆதலின் தீர்மானத்தைத் திருத்திப் பின்வருமாறு முன்மொழிகின்றேன். சங்கத்தின் செலவில் ஒரு வக்கீலை அமர்த்தி, நிலத்தின் ஒரு பகுதியையே விற்கவேண்டுமென்றும், நேரில் விற்பதற்காக ஏலத்தை ஒத்திவைக்கவேண்டுமென்றும் இவ்வாரமே மனுக் கொடுப்பது. அம்மனுக்கள் தள்ளப்பட்டு ஏலம் நடப்பின், நம்மவர் சென்று ஊர் விலை வரையிற் கேட்பது. அதற்கு மேலும் தாழ்ந்து முடிந்தால், அறுபது நாளுக்குள் கட்டவேண்டிய தொகையைச் சங்கத்து வைப்பு நிதியிலிருந்தும் அங்கத்தினரிடமிருந்தும் வட்டியில்லாக் கடனாகத் திரட்டுவது. என் பங்காக ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு இப்பொழுதே எழுதித் தருகின்றேன். சித்தப்பா மடியிலிருந்ததும் அத்தொகையே. அதனாலேதான் அத்தொகையைச் சொன்னேன்.

ஏலம் அடுத்த மாதம் இரண்டாம் புதன்கிழமை என்று அறிவிப்பிற் கண்டிருக்கின்றது. அன்று பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு விம்கோ நகர் ரயில் நிலையத்தில், கும்மிடிப்பூண்டி வண்டி வரும் மேடையில் நிற்பேன். வர இசைவோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியவர்களிடம் பெயர் கொடுக்க வேண்டுகின்றேன்.